சென்னையில் ரசிகையாக இருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகத்தில், கல்யாண வீட்டில், ஷேர் ஆட்டோவில், ஸ்டேடிய வாசல் வரிசையில் என்று பல இடங்களில் என்னிடமும் என் தோழிகளிடமும் கேட்கப்பட்டவை இந்தக் கேள்விகள். சில அக்கறையில் பிறந்தவை, சில வம்பில். இரண்டுக்கும் பதில் எழுதியிருக்கிறேன், வம்புக்குச் சற்றுச் சுருக்கமாக.

பெண்கள் உண்மையிலேயே விளையாட்டைப் பார்க்கிறார்களா? வீட்டில் டிவி ஓடுவதால் கூடவே உட்கார்ந்திருக்கிறார்களா?

பார்க்கிறார்கள், கேட்கிறார்கள், கணக்கும் வைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வருவதற்கு முன்பே வானொலியின் தமிழ் வர்ணனை அடுப்பங்கரைக்குள் வந்துவிட்டது. அப்துல் ஜப்பாரின் குரலில் கிரிக்கெட் கற்றுக்கொண்ட பெண்கள் இந்த ஊரில் ஏராளம். திருவல்லிக்கேணியில் என் பாட்டி கீரை ஆயும்போது டிரான்சிஸ்டரை ஜன்னல் திட்டில் வைத்திருப்பார். விக்கெட் விழுந்தால், தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் ஒரு கோடு போடுவார். மாலையில் திண்ணையில் நடக்கும் ஆண்கள் சபையில் யாராவது ஸ்கோரைத் தப்பாகச் சொன்னால் உள்ளிருந்து திருத்தம் வரும்.

பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடக்கும் வருடங்களில் வீட்டு ஆண்கள் சாப்பாட்டு டப்பாவோடு மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். புளியோதரை கட்டிக்கொடுத்தவர்கள் வீட்டில் இருப்பார்கள். மைதானத்தின் ஆரவாரம் எங்கள் மொட்டைமாடிக்குக் கேட்கும். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் பாட்டி ஒருநாளும் உள்ளே போனதில்லை. அவருக்கு ஆர்வம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. டிக்கெட் வாங்கும்போது அவரைத் தலைக்கணக்கில் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

1999 ஜனவரியில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்ற பிறகும் எழுந்து நின்று எதிரணிக்குக் கைதட்டியது சேப்பாக்கம் கூட்டம். 'விவரம் தெரிந்த ரசிகர்கள்' என்ற பெயருக்கு இன்றுவரை அதைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அந்தப் பெருமையை அப்பா-மகன் கதையாகவே சொல்கிறார்கள். அதில் அம்மாக்களின் பங்கும் உண்டு.

தோனிக்காகத்தானே பார்க்கிறீர்கள்?

ஆமாம், சிலர் அவருக்காகவும் பார்க்கிறோம். மஞ்சள் ஜெர்சி போட்டு, 'தல' என்று தொண்டை கிழியக் கத்தி, அவர் களமிறங்க வேண்டும் என்பதற்காகச் சொந்த அணியின் விக்கெட்டே விழட்டும் என்று வேண்டிக்கொள்ளும் லட்சக்கணக்கான ஆண்களும் அவருக்காகத்தான் பார்க்கிறார்கள். அவர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் ஆஃப்சைடு என்றால் என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்?

இந்த வாய்மொழித் தேர்வை இனி எழுதுவதாக இல்லை. நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்சி கால்பந்து அணி ஆடும்போது பக்கத்து இருக்கைக்காரரை இதே கேள்வி கேட்டுப் பாருங்கள். பந்து உதைக்கப்படும் கணத்தில் என்பதையும், கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரர் என்பதையும் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். அதற்காக அவர்களை யாரும் வெளியே அனுப்புவதில்லை. தெரிந்துகொண்டு வந்து ரசிக்கலாம், ரசித்துக்கொண்டே தெரிந்துகொள்ளலாம்.

சேப்பாக்கத்துக்கு ஒரு பெண் தனியாகப் போகலாமா?

போகலாம். நான் போகிறேன். முதல் முறை என்றால் பகல் ஆட்டம் நல்லது. ஐபிஎல் என்றால் பெரும்பாலும் இரவு 7.30 மணிக்குத் தொடங்கி முடிய 11.30 ஆகிவிடும். உள்ளே இருக்கும் நான்கு மணி நேரத்தில் பெரிய சிக்கல் எதுவும் வருவதில்லை. சிக்கல் ஆட்டம் முடிந்த பிறகுள்ள முக்கால் மணி நேரத்தில்தான்.

ஆகவே திரும்பும் வழியை முதலில் முடிவு செய்துகொண்டு டிக்கெட்டை அப்புறம் வாங்குங்கள். மைதானத்தை ஒட்டியே சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது. வேளச்சேரி, மயிலாப்பூர் பக்கம் போகிறவர்களுக்கு அதுதான் வசதி. அண்ணா சாலைப் பக்கம் நடந்தால் அரசினர் தோட்டம் மெட்ரோ. போட்டி நாள்களில் சேவை நேரத்தை நீட்டிப்பது வழக்கம். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று அன்று காலையே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாலாஜா சாலையில் நின்று ஆட்டோ பிடிக்க முயல வேண்டாம். வண்டியும் கிடைக்காது, கிடைத்தாலும் கேட்கிற தொகையில் இன்னொரு டிக்கெட் வாங்கிவிடலாம். கூட்டத்தோடு கூட்டமாக ரயில் நிலையத்துக்கு நடப்பதே மேல். இரவு பதினொன்றரைக்கு ஆளில்லாத தெருவைவிட நெரிசலான சாலை எனக்குப் பிடிக்கும்.

ஆட்டம் முடியும் நேரத்தில் கைப்பேசி சமிக்ஞை படுத்துவிடும். தோழியோடு போகிறீர்கள் என்றால், பிரிந்துவிட்டால் எந்த வாசலில் சந்திப்பது என்று உள்ளே நுழையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதை ஓரத்து இருக்கை கிடைத்தால் நல்லது, ஒவ்வொரு முறையும் பத்து முழங்கால்களைத் தாண்ட வேண்டியிருக்காது. விலை கூடிய கேலரி என்றால் நாகரிகமும் கூடியிருக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

படித்துப் பார்த்தால் எனக்கே அலுப்பாக இருக்கிறது. ஓர் ஆண் மேட்ச்சுக்குக் கிளம்பும்போது டாஸை யார் வெல்வார்கள் என்பதோடு யோசனை முடிந்துவிடுகிறது.

கழிவறை?

இந்தக் கேள்வியைப் பெண்கள் எப்போதும் தணிந்த குரலில்தான் கேட்கிறார்கள். உரக்கவே பதில் சொல்கிறேன். புதிதாகக் கட்டப்பட்ட பகுதிகளில் பரவாயில்லை. பழைய கட்டடங்களில், பெண்களும் வருவார்கள் என்ற நினைப்பே இல்லாமல் வரைபடம் போட்டவரின் கைவண்ணம் தெரியும். ஆண்கள் பக்கம் ஐந்தாறு வாசல் என்றால் பெண்களுக்கு ஒன்று, அதுவும் மாடிப்படியின் அடியில், தாழ்ப்பாள் இருந்தால் அதிர்ஷ்டம். இதனால் பல பெண்கள் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். ஏப்ரல், மே மாதச் சென்னை வெயிலில் இது எவ்வளவு ஆபத்து என்று மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். இன்னிங்ஸ் இடைவேளையில் எழுந்தால் வரிசையிலேயே முதல் மூன்று ஓவர் போய்விடும். பதினைந்தாவது ஓவர் வாக்கில் போய்விட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று, பைச் சோதனை. கைப்பை, குடை, தண்ணீர்ப் பாட்டில், பவர் பேங்க் போன்றவற்றைப் பெரும்பாலான மைதானங்கள் அனுமதிப்பதில்லை. பாதுகாப்பு என்ற வகையில் அது சரியே. ஆனால் மாதவிடாய் நாளில் ஒரு பெண் நாப்கினை எதில் வைத்துக்கொள்வாள்? நகரின் ஒரு மைதானத்தில் நான் கண்டது இது. நான்கு பக்கமும் துணி கட்டிய சோதனைக் கூண்டு, உள்ளே ஒரே ஒரு பெண் காவலர், அவருக்குப் பின்னால் ஒரு மேசை. மேசை மேல் பறிமுதலான சீப்புகள், லிப்ஸ்டிக், பாதி தீர்ந்த ஹாஜ்மோலா புட்டி. அந்தக் குவியலில் பிரிக்கப்படாத நாப்கின் பாக்கெட் ஒன்று. எனக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பெண் அதைக் காட்டி ஏதோ கேட்டாள். காவலர் திரும்பிப் பார்த்துவிட்டு, மேலதிகாரி சொன்னது 'பாக்கெட் எதுவும் கூடாது' என்றார். பிறகு அவரே இரண்டை உருவி அவள் கையில் திணித்து, ஜீன்ஸ் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். விதி எழுதியவருக்குத் தோன்றாதது அந்தக் காவலருக்குத் தோன்றியது. தனித்தனியாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவதே இப்போதைக்கு நான் சொல்லக்கூடிய வழி.

கூட்டத்தில் யாராவது தொல்லை கொடுத்தால்?

முதலில் சத்தம் போடுங்கள். அருகில் குடும்பத்தோடு வந்திருப்பவர்கள் நிச்சயம் திரும்பிப் பார்ப்பார்கள். பகுதி எண்ணையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொண்டு பணியிலிருக்கும் காவலரிடம் சொல்லுங்கள். மைதானத்துக்கு வெளியே என்றால் 1091, 181, 112 ஆகிய மூன்றில் எது முதலில் நினைவுக்கு வருகிறதோ அதை அழையுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. கேலிவதைக்கு ஆளான ஒரு கல்லூரி மாணவி சென்னையில் உயிரிழந்ததைத் தொடர்ந்து 1998இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. பொது இடங்களில் பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிரான சட்டம் அது. பலருக்குத் தெரியாத இன்னொரு செய்தி: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், 'பணியிடம்' என்பதற்குள் ஸ்டேடியம், விளையாட்டு வளாகம், போட்டி நடக்கும் இடம் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மைதானத்தின் ஊழியரோ பயிற்சியாளரோ அத்துமீறினால் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் முதல் நாளே கேட்க வேண்டியது இதுதான்: இங்கே புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

கேமரா ஏன் எப்போதும் பெண்களையே தேடுகிறது?

சிக்ஸர் பறந்த அடுத்த நொடி திரையில் வரும் முகத்தைக் கவனியுங்கள். வயது இருபதுகளில் இருக்கும், அழகாக இருக்கும், இரண்டு கன்னத்திலும் வண்ணம் இருக்கும். ஐம்பது வயதில், கண்ணாடி போட்டு, ஸ்கோர் அட்டையை மடியில் வைத்திருக்கும் பெண்ணை அந்தக் கேமரா தாண்டிப் போய்விடும். 2018 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது, கூட்டத்தில் இளம்பெண்களைத் தேடித் தேடிக் காட்டுவதைக் குறைக்குமாறு ஒளிபரப்பாளர்களிடம் சொல்லப்பட்டதாக ஃபிஃபா அதிகாரி ஒருவர் வெளிப்படையாகவே கூறினார். இரண்டு நொடி திரையில் வந்த பெண்ணின் படம் மறுநாள் காலைக்குள் 'யார் இந்தப் பெண்?' என்ற தலைப்போடு ஊரெல்லாம் சுற்றும். அவள் மேட்ச் பார்க்க வந்தவள், தன்னைக் காட்ட வந்தவள் அல்ல.

பெண்கள் ஆட்டத்துக்குப் பெண்களுக்கு இலவச அனுமதி கொடுக்கிறார்களே, அது நல்லதுதானே?

2023இல் மகளிர் பிரீமியர் லீக் தொடங்கியபோது பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் இலவசம் என்று அறிவித்தார்கள். கூட்டம் வந்தது, மகிழ்ச்சி. எனக்கு இதில் இரண்டு மனம். பள்ளிச் சிறுமிகள் திரளாக வந்ததை நினைத்தால் சரி என்று படுகிறது. இலவசமாகக் கொடுப்பதற்கு மதிப்பில்லை என்று நினைக்கும் நம் ஊர் மனத்தை நினைத்தால் சரியில்லை என்று படுகிறது. 2025 உலகக் கோப்பையில் டிக்கெட் விலையை 100 ரூபாயிலிருந்து வைத்தார்கள். நவி மும்பையில் இறுதி ஆட்டத்தின்போது அரங்கு நிறைந்திருந்தது. குறைந்த விலை, ஆனால் விலை உண்டு. அந்த ஏற்பாடுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. டிக்கெட் காசுக்காகவா பெண்கள் வரவில்லை? மேலே கழிவறைப் பதிலை இன்னொரு முறை படியுங்கள்.

சம ஊதியம்தான் வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை?

வந்தது சமமான ஆட்டக் கட்டணம். 2022 அக்டோபரில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் அறிவித்தபடி ஆணோ பெண்ணோ டெஸ்ட்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம் ரூபாய். பெரிய முடிவு, மனமாரப் பாராட்ட வேண்டியது. ஆனால் கட்டணத்தை ஆட்ட எண்ணிக்கையால் பெருக்கினால்தான் வருமானம். ஆட்டமே இல்லாதவருக்கு 15 லட்சம் வெறும் அறிவிப்பு.

எண்ணிக்கை என்றால் என்ன என்பதற்குச் சென்னைப் பெண் ஒருவரின் கதை போதும். திருஷ் காமினி 2013 உலகக் கோப்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 100 ரன் அடித்தார். பெண்கள் உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியர் அவர்தான். 2014 நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட்டில் 192 ரன். இரட்டைச் சதத்துக்கு எட்டு ரன் குறைவு. ஆண்கள் கிரிக்கெட்டில் 192 அடித்தவருக்கு அடுத்த டெஸ்ட் எப்போது என்று கேட்கவே வேண்டாம், அதே மாதம் இருக்கும். இந்தியப் பெண்கள் அணிக்கு அடுத்த டெஸ்ட் கிடைத்தது 2021 ஜூனில், பிரிஸ்டலில். ஆறரை வருடம். அதற்குள் காமினியின் காலம் கடந்துவிட்டது. அவர் தோற்றுப்போகவில்லை, ஆட்டம்தான் நடக்கவில்லை.

ஆண்டு ஒப்பந்தத்தையும் பார்க்கலாம். 2024-25 பட்டியலில் ஆண்களின் உச்சப் பிரிவுக்கு 7 கோடி ரூபாய், பெண்களின் உச்சப் பிரிவுக்கு 50 லட்சம். பதினான்கு மடங்கு.

பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டமே வருவதில்லை. வருமானம் வராத இடத்தில் யார் பணம் போடுவார்கள்?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், ஏனென்றால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் தகராறு.

இங்கிலாந்தில் 1920 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் பெண்கள் கால்பந்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டே, 1921இல், கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. தடை விலகியது 1971இல். அங்கே கூட்டம் வராததால் ஆட்டம் நின்றுபோகவில்லை, கூட்டம் வந்தபிறகே நிறுத்தப்பட்டது. ஐம்பது வருடம் பூட்டி வைத்துவிட்டுப் பின்னர் திறந்து, 'ஏன் ஆள் வரவில்லை?' என்று கேட்டால் என்ன சொல்வது?

கிரிக்கெட்டில் முதல் உலகக் கோப்பையை ஆடியவர்கள் பெண்கள், 1973இல். ஆண்களுக்கு அது 1975இல்தான் வந்தது. இந்திய ஆண்கள் அணி 1932இல் டெஸ்ட் ஆடத் தொடங்கி முதல் வெற்றியைக் கண்டது 1952இல், நம் சேப்பாக்கத்தில். அதாவது இருபது வருடம் தோற்றும் சமன் செய்தும் பழக அவர்களுக்கு நேரம் கொடுக்கப்பட்டது. யாரும் கடையைக் கட்டவில்லை. பெண்கள் அணி 1976இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக முதல் டெஸ்ட் தொடர் ஆடியது. அதே தொடரில் பாட்னாவில் வென்றும் காட்டியது. கேப்டன் சாந்தா ரங்கசாமி, சென்னையில் பிறந்தவர். அந்தத் தலைமுறை முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் பயணம் செய்து, மட்டையையும் கால்காப்பையும் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டு ஆடியது. பெண்கள் கிரிக்கெட் இந்திய வாரியத்தின் கீழ் வந்ததே 2006இல்தான்.

முதலீடு போட்டபிறகு என்ன ஆனது? 2023இல் மகளிர் பிரீமியர் லீகின் ஐந்து அணிகள் 4,669.99 கோடி ரூபாய்க்கு விற்றன. ஐந்து வருட ஒளிபரப்பு உரிமை 951 கோடி. 2024 ஜூன் இறுதியில் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட்டில் இந்தியா 6 விக்கெட்டுக்கு 603 எடுத்தது. பெண்கள் டெஸ்ட்டில் அதற்குமுன் எந்த அணியும் 600ஐத் தொட்டதில்லை. ஷஃபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தனா 149, இருவரும் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 292. ஸ்நே ராணா முதல் இன்னிங்ஸில் மட்டும் எட்டு விக்கெட். 1976க்குப் பிறகு சேப்பாக்கம் பார்த்த முதல் பெண்கள் டெஸ்ட் அது. இடையில் ஒரு தலைமுறை ரசிகைகள் பாட்டிகளாகிவிட்டார்கள்.

பெண்கள் குறைந்த நேரம் ஆடுகிறார்கள், ஆகவே குறைந்த பணம் சரிதானே?

பெரிய டென்னிஸ் போட்டிகளில் ஆண்களுக்கு ஐந்து செட், பெண்களுக்கு மூன்று செட் என்று சொல்லப்படும் வாதம் இது. ஐந்து நாள் டெஸ்ட் ஆடுபவருக்கு 15 லட்சம். மூன்றரை மணி நேர ஆட்டங்கள் கொண்ட ஐபிஎல் பருவம் ஒன்றுக்கு ரிஷப் பந்த் 27 கோடி. நேரத்துக்குக் கூலி என்ற கணக்கை அங்கே யாரும் போடவில்லை. அமெரிக்க ஓபன் 1973லிருந்தும், விம்பிள்டன் 2007லிருந்தும் சமப் பரிசு கொடுக்கின்றன. இரண்டும் திவாலாகவில்லை.

மகளிர் லீகில் சென்னைக்கு அணியே இல்லை. நாங்கள் யாரை ஆதரிப்பது?

மும்பை, டெல்லி, பெங்களூரு, குஜராத், உத்தரப் பிரதேசம். ஐந்தில் நாம் இல்லை. ஐந்து ஐபிஎல் கோப்பை வென்ற மஞ்சள் நகரத்துக்கு மகளிர் அணி இல்லாதது எனக்கு ஆறாத மனக்குறை. நம் பெண்கள் வெளியூர்ச் சட்டைக்குள் இருக்கிறார்கள். தயாளன் ஹேமலதா குஜராத்துக்கு ஆடியிருக்கிறார். இடக்கை ஆட்டக்காரர் கமலினியை 2024 டிசம்பர் ஏலத்தில் மும்பை 1.6 கோடி ரூபாய்க்கு எடுத்தது. மும்பை என்றாலே பல்லைக் கடிக்கும் சேப்பாக்கத்துக்காரி, கமலினி மட்டை பிடிக்கும்போது மட்டும் என்ன செய்வாள்? நான் கமலினிக்குக் கைதட்டிவிட்டு, அவர் அவுட்டானதும் எதிரணிக்கு மாறிவிடுகிறேன்.

சதுரங்கத்தில் எதற்குப் பெண்கள் பிரிவு? மூளையிலுமா ஆண் பெண்?

சதுரங்கத்தில் ஆண்கள் பிரிவு என்று ஒன்று கிடையாது. இருப்பது பொதுப் பிரிவும் பெண்கள் பிரிவும். பொதுப் பிரிவில் யாரும் ஆடலாம். பெண்கள் பிரிவு ஏன் என்றால், தொடங்கும்போதே எண்ணிக்கை குறைவு. எட்டு வயதில் பத்துப் பையன்களோடு இரண்டு பெண்கள் வருவார்கள். பதினாறு வயதில் அந்த இரண்டில் ஒன்றும் நின்றுவிடும். வெளியூர்ப் போட்டி என்றால் பையனை யாரோடாவது அனுப்பிவிடலாம், பெண்ணோடு அம்மா போக வேண்டும். இரண்டு பேர் ரயில் கட்டணம், இரண்டு பேர் தங்கும் செலவு, வீட்டில் சமையல் யார்? திறமையைக் குறித்த கேள்வியாகத் தொடங்குவது ரயில் டிக்கெட்டில் வந்து முடியும்.

சென்னையின் ஆர். வைஷாலி பன்னிரண்டு வயதில், 2013இல், பின்னர் உலகச் சாம்பியனான மேக்னஸ் கார்ல்சன் பலரோடு ஒரே நேரத்தில் ஆடிய காட்சி ஆட்டத்தில் அவரை வென்றார். 2023இல் கிராண்ட்மாஸ்டர் தகுதியை எட்டினார். ஹம்பி, ஹரிகாவுக்குப் பிறகு அந்த இடத்தைப் பிடித்த மூன்றாவது இந்தியப் பெண். தம்பி பிரக்ஞானந்தா அதை எட்டி ஐந்தாண்டுக்கும் மேல் ஆகியிருந்தது. நாளிதழ்கள் வெகுகாலம் வைஷாலியைப் 'பிரக்ஞானந்தாவின் அக்கா' என்றே எழுதின. இவர் விளையாடப் போனதைப் பார்த்துத்தான் தம்பி பலகையிடம் வந்தான்.

2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக ஆடினார், அணி வெண்கலம் வென்றது. நேரில் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள்.

கிரிக்கெட்டையும் சதுரங்கத்தையும் விட்டால் வேறு யார்?

கண்ணகி நகர் கார்த்திகா. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இருந்தவர். நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடியமர்த்திய பகுதி கண்ணகி நகர். அதன் பெயர் செய்தியில் வந்தாலே குற்றச் செய்தியாகத்தான் இருக்கும் என்ற நிலையை அந்தப் பெண் மாற்றினார். கபடி நம் மண்ணின் ஆட்டம், ஆனால் தொழில்முறை லீக் ஆண்களுக்கு மட்டுமே ஆண்டுதோறும் நடக்கிறது. பெண்களுக்கு 2016இல் மூன்று அணிகளோடு ஒரு முயற்சி நடந்தது, அந்த ஒரே பருவத்தோடு சரி.

பழைய வண்ணாரப்பேட்டையின் பவானி தேவி, டோக்கியோவில் ஆடியபோது, ஒலிம்பிக்கில் வாள்வீச்சில் களமிறங்கிய முதல் இந்தியர் ஆனார். இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஸ்குவாஷ் வீராங்கனை தீபிகா பல்லிக்கல். ஆண்களைவிடப் பெண்களுக்குப் பரிசுத்தொகை குறைவு என்பதால் 2012லிருந்து தேசியப் போட்டியையே புறக்கணித்தார். சர்வதேச அரங்கில் உச்சத்தில் இருந்த காலம் அது. பரிசு சமமான பிறகு 2016இல் வந்தார், பட்டத்தையும் வென்றார். கோஷம் போடவில்லை, அழவில்லை, வரவில்லை. அவ்வளவுதான்.

நடுவர், வர்ணனையாளர் எல்லாம் பெண்கள் ஆகிவிட்டார்களே?

ஆகியிருக்கிறார்கள், விரல்விட்டு எண்ணும் அளவில். 2023 ஜனவரியில், மாநில அணிகள் மோதும் ரஞ்சி கோப்பையில் முதல்முறையாகப் பெண்கள் நடுவர்களாக நின்றார்கள். மூவரில் ஒருவர் சென்னையின் ஜனனி நாராயணன், மென்பொருள் வேலையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். எல்பிடபிள்யூ கேட்டு பதினோரு ஆண்கள் ஒரே குரலில் கத்தும்போது அசையாமல் நின்று தலையை ஆட்டும் பெண்ணைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை.

நான் ஆண். நான் என்ன செய்ய வேண்டும்?

டிக்கெட் வாங்கும்போது வீட்டில் எத்தனை பேருக்கு வேண்டும் என்று கேளுங்கள். ரிமோட்டை ஒருநாள் பெண்கள் ஆட்டத்துக்கும் விடுங்கள். பக்கத்து இருக்கையில் பெண் வந்து உட்கார்ந்தால் அவருக்கு ஃபீல்டிங் அமைப்பை விளக்கத் தொடங்காதீர்கள், கேட்டால் சொல்லுங்கள். உங்கள் நண்பன் எல்லை மீறினால் நீங்களே அதட்டுங்கள், நாங்கள் அதட்டினால் அது சண்டையாகிறது. முக்கியமாக, எதிரணி வீரரைத் திட்ட வேண்டுமென்றால் அவர் அம்மாவையும் தங்கையையும் இழுக்காமல் திட்டப் பழகுங்கள். தமிழில் வசவுக்கா பஞ்சம்?

ஒன்பது வயது மகளை முதன்முதலாக எந்த ஆட்டத்துக்கு அழைத்துப் போகலாம்?

ஐபிஎல் வேண்டாம். ஒலியும் இரவும் நெரிசலும் முதல் நாளிலேயே அவளைக் களைப்பாக்கிவிடும். சேப்பாக்கத்தில் ரஞ்சி ஆட்டம் நடக்கும் நாளில், காலை ஒன்பதரைக்கு, கூட்டமில்லாத கேலரிக்கு அழைத்துப் போங்கள். மட்டையில் பந்து படும் சத்தம் அங்கேதான் கேட்கும். பெண்கள் சர்வதேச ஆட்டம் சென்னைக்கு வந்தால் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டாவது கூட்டிப் போங்கள். நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் 2022லும் 2025லும் நடந்த பெண்கள் சர்வதேசப் போட்டி மறுபடி வந்தால் அதுவும் நல்ல தொடக்கம். அங்கே ஆட்டக்காரர் பத்தடி தூரத்தில் இருப்பார், மூச்சு வாங்குவதுகூடத் தெரியும். வீட்டில் பாட்டி இருந்தால் அவருக்கும் ஒரு டிக்கெட் எடுங்கள். படிக்கட்டு ஏற முடியுமா என்று மட்டும் பார்த்து, கீழ்வரிசையாகக் கேட்டு வாங்குங்கள்.